ரூ.6,000 கோடியில் வாங்கியது என்ன? ‘ஒரே நாடு ஒரே சந்தா’வும் கொல்லிமலைச் சாமையும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, அன்னாசி என்று வீக்கெண்ட் டிரிப் போகிறவர்களுக்குப் பழக்கமான மலை. பயிர் ஆராய்ச்சியாளர்களுக்கு இது வேறொரு காரணத்துக்காகப் பரிச்சயம். கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று சிறுதானியங்களின் நாட்டு ரகங்களை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

மரவள்ளி பணப்பயிராக மலையேறி, கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கத் தொடங்கியதும் சிறுதானியம் விளைந்த நிலம் சுருங்கியது. அதை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்கிறது. விதை வங்கிகள் வந்தன. பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து சாமையையும் தினையையும் பாக்கெட் போட்டு விற்றார்கள். இந்த அனுபவத்தை ஆராய்ந்து ‘ஃபுட் பாலிசி’ என்ற சர்வதேச ஆய்விதழில் 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. அந்த இதழை வெளியிடுவது உலகின் பெரிய அறிவியல் பதிப்பகங்களில் ஒன்றான எல்செவியர்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். மலையடிவாரத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே படிக்கும் செம்மேட்டு மாணவி ஒருவர் தன் ஊரைப் பற்றிய அந்தக் கட்டுரையைத் தேடுகிறார். லிங்க் கிடைக்கிறது. தொட்டால் சுருக்கம் மட்டும் தெரிகிறது. முழுசாகப் படிக்க டாலரில் கட்டணம் கேட்கிறது. “சார், இந்த பேப்பர் ஓபன் ஆக மாட்டேங்குது” என்று நூலகரிடம் போகிறார். “நம்ம காலேஜ் அந்த லிஸ்ட்ல இல்லம்மா” என்கிறார் அவர். அதே நேரம், சேலத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய தோழி அதே லிங்க்கைத் தொடுகிறார். பிடிஎஃப் இறங்கிவிடுகிறது.

ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள், ஒரே கட்டுரை. ஒருவருக்குக் கதவு திறக்கிறது, இன்னொருவருக்குத் திறக்கவில்லை. ‘பயனாளர் என்றால் யார்’ என்று சந்தா ஒப்பந்தத்தில் இருக்கும் வரையறைதான் இருவரையும் பிரிக்கிறது.

அது என்ன லிஸ்ட்?

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் பட்டியல்தான் அது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு சுமார் ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இதில் அடங்கும். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் உண்டு.

மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையங்களும் பயனாளிகள். மொத்தம் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்பது அரசு சொல்லும் கணக்கு. பதிப்பகங்களுடனான சந்தாவை ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் தன்னாட்சி மையம் இது. 2025 ஜனவரி 1 முதல் திட்டம் நடைமுறையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ரூ.2,000 கோடி. ஒரு பயனாளிக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.1,100. ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக ரூ.32 லட்சம். சிறிய அரசுக் கல்லூரி ஒன்று சொந்தக் காசில் கனவிலும் வாங்க முடியாத இதழ்களை இந்தத் திட்டம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால், ரூ.6,000 கோடி கொடுத்து வாங்கியது இதழ்களை அல்ல. இதழ்களைப் படிக்கும் அனுமதியை. விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

சொந்த வீடா, வாடகை வீடா?

அச்சுக் காலத்தில் கதை எளிது. நூலகம் ஒரு இதழை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் அலமாரியிலேயே இருக்கும். யார் வந்து புரட்டினார்கள் என்று பதிப்பகம் கேட்காது.

இணைய இதழ் அப்படியில்லை. கட்டுரைகள் பதிப்பகத்தின் சர்வரில் இருக்கும். நூலகத்துக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. யார் படிக்கலாம், எங்கிருந்து படிக்கலாம், எத்தனை டவுன்லோட் செய்யலாம், காப்பி எடுத்து இன்னொரு நூலகத்துக்குக் கொடுக்கலாமா, சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உரிம ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. வாடகை வீட்டுக்குக் குடிபோகும் முன் அக்ரிமென்ட்டைப் படித்துப் பார்க்கிறோமே, அது மாதிரி. ஆணி அடிக்கலாமா, விருந்தாளி தங்கலாமா, அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

வாடகைத் தொகையைப் பற்றி நாடாளுமன்றத்திலும் ஊடகங்களிலும் நிறையப் பேசியாகிவிட்டது. அக்ரிமென்ட்டின் ஷரத்துகளைப் பற்றிப் பேச்சு குறைவு. நடப்பு ஒதுக்கீடு 2027 இறுதியோடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கான நேரம் தூரத்தில் இல்லை.

ஏன் ஒரே வாங்குபவர்?

ஆய்விதழ்ச் சந்தை வினோதமானது. சோப்பு விலை ஏறினால் வேறு சோப்புக்கு மாறலாம். ஆய்விதழில் அது நடக்காது. ஒரு குறிப்பிட்ட கட்டுரை ஒரே இடத்தில்தான் கிடைக்கும். எழுதுபவர் பெரும்பாலும் அரசுச் சம்பளத்தில் அல்லது அரசு மானியத்தில் ஆய்வு செய்தவர். அதை மதிப்பீடு செய்பவரும் பொதுவாகச் சம்பளமில்லாமல் செய்யும் சக ஆய்வாளர். கடைசியில் அதைப் படிக்கப் பணம் கட்டுவதும் அரசு நூலகம். எல்செவியரின் தாய் நிறுவனமான ரெல்எக்ஸின் அறிவியல் பதிப்புப் பிரிவு 2023-ல் காட்டிய செயல்பாட்டு லாபம் ஏறத்தாழ 38 சதவீதம். அதாவது, வரும் 100 ரூபாயில் 38 ரூபாய்.

பதிப்பகங்களின் விருப்பமான முறைக்கு நூலகத் துறையில் ‘பிக் டீல்’ என்று பெயர். தனித்தனி இதழாகத் தேர்ந்தெடுக்காமல் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே பேக்கேஜாக எடுக்க வேண்டும். கேபிள் டிவியில் பார்க்காத சேனலுக்கும் சேர்த்துக் கட்டிய கதைதான். 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஆலோசனைக் குழுவே “இந்தச் செலவு தாங்காது” என்று சக பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை.

இந்தியாவில் இதற்கு முன்பு வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகப் பேரம் பேசின. ஒரே பதிப்பகத்துக்கு ஒரே நாட்டின் பொதுப் பணம் பல வழிகளில் போனது. எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளாகப் போய் உட்கார்ந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்பதுதான் ஒரே சந்தாவின் அடிப்படை வாதம். நியாயமான வாதம்தான். ஆனால், மொத்தமாக வாங்குகிறவருக்கு விலையில் மட்டுமல்ல, விதிகளிலும் பேசும் பலம் உண்டு. அந்தப் பலத்தை எந்தெந்த ஷரத்தில் பயன்படுத்த வேண்டும்? கொல்லிமலையை உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம்.

ஷரத்து 1: யார் பயனாளர்?

எந்த நூலக உரிமத்திலும் உயிர்நாடி இதுதான். தற்போதைய கட்டத்தில் அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்கள் உள்ளே. நாமக்கல்லில் அரசு கலைக் கல்லூரிகளும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வரையறைப்படி இவை திட்டத்துக்குள் வரக்கூடியவை. ஆனால் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வரிசையாக இருப்பவை தனியார் கல்லூரிகள். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் தனியார் கல்லூரி மாணவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அறக்கட்டளைகள் நடத்தும் ஆராய்ச்சி மையங்களும் இந்த வரையறைக்குள் வராது.

அடுத்த கட்டத்தில் தனியார் நிறுவனங்களையும், அதற்கடுத்துப் பொது நூலகங்கள் வழியாக மற்றவர்களையும் சேர்க்கும் யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. “லாபம் பார்க்கும் தனியார் கல்லூரிக்கு அரசு ஏன் சந்தா கட்ட வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. அரசு பேசி முடித்த அதே விலையிலும் விதியிலும், தன் பங்குப் பணத்தைக் கட்டி எந்தக் கல்லூரியும் சேரலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கலாம். அந்த ஒரு வரி இல்லையென்றால் சின்னக் கல்லூரி தனியாகப் போய்ப் பதிப்பகத்தின் எதிரே உட்கார வேண்டும். அங்கே அது கேட்கும் விலைக்கு மறுபேச்சு இருக்காது.

ஷரத்து 2: எங்கிருந்து படிக்கலாம்?

பழைய முறையில் கேம்பஸின் ஐபி முகவரிதான் சாவி. கல்லூரி வைஃபையில் இருந்தால் திறக்கும், வெளியே வந்தால் மூடிக்கொள்ளும். சேலத்தில் பதிவு செய்த ஆய்வு மாணவர் கொல்லிமலையில் மூன்று மாதம் தங்கிக் களப்பணி செய்கிறார் என்றால் அந்தச் சாவியால் பயனில்லை. ஹாஸ்டலில், வீட்டில், பஸ்ஸில் மொபைலில் படிக்கும் தலைமுறை இது. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ‘இன்ஃபெட்’ என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை, கல்லூரி லாக்-இன் வைத்து எங்கிருந்தும் நுழைய வழி தருகிறது. ஆனால் கல்லூரி அதில் சேர்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவருக்கும் ஐடி உருவாக்கித் தர வேண்டும். ‘வெளியிலிருந்து படிக்கும் உரிமை எல்லா இதழுக்கும் உண்டு’ என்பது ஒப்பந்தத்திலும், ‘ஐடி கையில் கிடைத்தது’ என்பது கல்லூரியிலும் உறுதியானால்தான் இந்த உரிமை நிஜம்.

ஷரத்து 3: வாசலுக்கு வந்தவர் படிக்கலாமா?

நூலக உரிமங்களில் ‘வாக்-இன் யூசர்’ என்று ஒரு பிரிவு உண்டு. கல்லூரியில் பதிவு இல்லாத பொதுமக்கள், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்ற அனுமதி. ‘லிப்லைசன்ஸ்’ போன்ற மாதிரி ஒப்பந்தங்களில் இது வழக்கமாக இடம்பெறுவது. பதிப்பகத்துக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

கொல்லிமலைக்கு இதன் அர்த்தம் பெரியது. சாமை விதை காத்த விவசாயியின் மகனோ, அரசு சாரா அமைப்பின் களப்பணியாளரோ நாமக்கல் அரசுக் கல்லூரி நூலகத்துக்குள் நடந்துபோய், தங்கள் மலையைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்க முடியும். ஆய்வுக்குத் தகவல் கொடுத்தவர்களுக்கு ஆய்வின் முடிவைப் படிக்கும் வாய்ப்பாவது இருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கு இதைக் கேட்கக் கூடுதல் உரிமை உண்டு. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், மாவட்ட மைய நூலகங்கள் என்று கட்டமைப்பு தயாராக இருக்கிறது. வெளிநாட்டு முன்மாதிரியும் இருக்கிறது. எகிப்து 2016-ல் ‘எகிப்திய அறிவு வங்கி’யைத் தொடங்கியபோது கல்லூரி, அரசு, தனியார் என்று பிரிக்காமல் நாட்டில் உள்ள எல்லோருக்குமாகப் பதிப்பகங்களுடன் பேசியது. பதிப்பகங்களும் கையெழுத்துப் போட்டன.

ஷரத்து 4: சந்தா முடிந்த மறுநாள்?

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2028 ஜனவரி 1 காலையில் என்ன திறக்கும்? மூன்று ஆண்டுகள் பணம் கட்டிய காலத்து இதழ்களாவது தொடர்ந்து கிடைக்குமா? இதை ‘நிரந்தர அணுகல்’ என்கிறார்கள். ஒப்பந்தத்தில் இது தெளிவாக இருந்தால், பேச்சுவார்த்தை முறிந்தாலும் நூலகத்தின் கையில் ஏதாவது மிஞ்சும். இல்லாவிட்டால் வாடகை நின்ற அன்றே பூட்டு. நிரந்தர அணுகல் இருக்கும் தரப்பு “விலை குறைக்கலைன்னா எழுந்து போறோம்” என்று தைரியமாகச் சொல்ல முடியும். இல்லாத தரப்பு சொல்ல முடியாது. அதனால் இது ஆவணக்காப்பு விஷயம் மட்டுமல்ல, அடுத்த பேரத்தின் துருப்புச் சீட்டு.

ஷரத்து 5: ஏஐ-க்குப் படிக்க அனுமதி உண்டா?

ஆயிரக்கணக்கான கட்டுரைகளை மென்பொருள் கொண்டு அலசுவது இன்று சாதாரண ஆய்வு முறை. சிறுதானியம் பற்றிய முப்பது ஆண்டுக் கட்டுரைகளில் வறட்சி தாங்கும் ரகங்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று தேட ஒரு மாணவர் ஒரு நிரல் எழுதலாம். ஆனால் பல உரிமங்கள் தானியங்கி டவுன்லோடைத் தடுக்கின்றன. விதி மீறினால் அந்த ஒரு மாணவருக்கு மட்டுமல்ல, மொத்தக் கல்லூரிக்கும் இணைப்பு துண்டிக்கப்படலாம். இப்போது ஏஐ கருவிகளில் கட்டுரையைப் பதிவேற்றுவதையே தடுக்கும் வரிகளும் உரிமங்களில் நுழைகின்றன.

இதில் ஒரு முரண். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, மைக்ரோசாஃப்ட்டுடன் ஏஐ-க்காக உள்ளடக்கத்தைப் பகிரும் ஒப்பந்தத்தை 2024 மே மாதம் அறிவித்தது. தொடக்கத் தொகை மட்டும் 1 கோடி டாலருக்கு மேல். ஆய்வை எழுதிய பலருக்குச் செய்தி வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பெரிய நிறுவனம் பணம் கொடுத்தால் இயந்திரம் படிக்கலாம், ஏற்கெனவே சந்தா கட்டிய மாணவரின் கணினி படிக்கக் கூடாது என்றால் அந்த ஷரத்தைத் திருத்தக் கேட்பதில் தவறில்லை.

ஷரத்து 6: விலையேற்றமும் ரகசியமும்

விலை டாலரிலா, ரூபாயிலா? ஆண்டுக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது? யாரும் திறக்காத இதழ்களைக் கழித்துவிட முடியுமா? பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைப் பதிப்பகம் சர்வதேசத் தரத்தில் தர வேண்டுமா? இவையெல்லாம் பேக்கேஜில் ஆட்டத்தை மாற்றும் வரிகள்.

இன்னொன்று, வாயைக் கட்டும் ஷரத்து. பல நாடுகளில் பதிப்பகங்கள் “என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று வெளியே சொல்லக் கூடாது” என்று நூலகங்களிடம் கையெழுத்து வாங்குவது வழக்கமாக இருந்தது. பக்கத்து நாடு என்ன கொடுத்தது என்று தெரியாவிட்டால் பேரம் பேச அடிப்படையே இல்லை. ஜெர்மனி தன் தேசிய ஒப்பந்தங்களின் வாசகங்களைப் பொதுவெளியில் வெளியிட்டது. பொதுப் பணத்தில் வாங்குவதற்கு அதுவே சரியான பழக்கம்.

சட்டம் கொடுத்ததை ஒப்பந்தம் எடுக்குமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் சில விலக்குகளைத் தருகிறது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் 2012-ல் வழக்குப் போட்டன. பாடத் தேவைக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்ற அணுகுமுறையை 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. மாணவர்களுக்குப் பெரிய வெற்றி.

ஆனால் இணைய இதழில் சட்டத்தோடு ஒப்பந்தமும் சேர்ந்து வருகிறது. சட்டம் அனுமதிக்கும் ஒன்றை “செய்ய மாட்டோம்” என்று நூலகம் கையெழுத்துப் போட்டுவிட்டால்? பிரிட்டன் 2014-ல் இதைச் சரிசெய்தது. வணிக நோக்கமற்ற ஆய்வுக்காகக் கட்டுரைகளைக் கணினியால் அலசும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. இந்தியச் சட்டத்தில் அப்படி வெளிப்படையான பொது விதி இல்லை. எனவே பாதுகாப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். “இதில் உள்ள எதுவும் 52-வது பிரிவின் உரிமைகளைக் குறைக்காது” என்று ஒரே வாக்கியம் போதும்.

இன்னொரு பக்கம், பணமில்லாத மாணவர்கள் வருடக்கணக்காக நம்பியிருந்த சை-ஹப் தளத்தைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020-ல் தொடுத்த வழக்கு அது. பின்வாசல் மூடப்பட்ட பிறகு, முன்வாசல் யாருக்குத் திறக்கிறது என்ற கேள்வி இன்னும் அவசரமாகிறது.

எழுந்து போனவர்களுக்கு என்ன ஆனது?

“விதியெல்லாம் பதிப்பகம் வைத்ததுதான், நாம் என்ன செய்ய முடியும்?” என்பது பொதுவான சலிப்பு. உலக அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது.

* ஸ்வீடன்: 2018 ஜூன் இறுதியோடு எல்செவியர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. 2019 நவம்பரில் புதிய ஒப்பந்தம். ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதுவது எல்லோரும் படிக்கத் திறந்திருக்கும் என்ற விதியும் அதில் வந்தது.
* கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்: 2019 பிப்ரவரியில் எல்செவியரிடமிருந்து எழுந்து வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில், திறந்த அணுகலை மையமாக வைத்துப் புதிய ஒப்பந்தம்.
* ஜெர்மனி: சுமார் 200 நிறுவனங்கள் எல்செவியர் சந்தா இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தன. 2023 செப்டம்பரில் தேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

மூன்றிலும் ஒரே பாடம். மாற்று வழி தயாராக இருந்தவர்களால்தான் எழுந்து போக முடிந்தது. நூலகங்களுக்கு இடையே கட்டுரைப் பரிமாற்றம், பழைய இதழ்களின் நிரந்தர அணுகல், ஆய்வாளர்கள் தாங்களே பொதுவில் வைத்த பிரதிகள் ஆகியவை இருந்தன. பேராசிரியர்களும் நூலகர்களின் பக்கம் நின்றார்கள்.

இந்தியாவின் கையில் இன்னொரு சீட்டும் இருக்கிறது. அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகள் தாமதமின்றி இலவசமாக வெளிவர வேண்டும் என்ற கொள்கை அங்கே 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவும் அதே பாதையில் போகிறது. ஆண்டுக்கு ஆண்டு இலவசமாகத் திறந்திருக்கும் கட்டுரைகள் கூடுகின்றன. அப்படியானால் 2027-ல் அதே பேக்கேஜுக்கு அதே விலையா? ‘ஏற்கெனவே இலவசமாக இருப்பதைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். அதற்கும் மேலே, ஒரே சந்தா திட்டத்தில் இந்திய ஆய்வாளர்கள் திறந்த இதழ்களில் எழுதக் கட்டணமாக ஆண்டுக்கு ரூ.150 கோடி தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. படிக்கவும் பணம், எழுதவும் பணம் என்று ஒரே பதிப்பகத்துக்கு இரு முறை போகாமல் பார்த்துக்கொள்வதும் ஒப்பந்தத்தின் வேலைதான்.

திட்டத்தை விமர்சிப்பவர்கள் இதைவிட ஒரு படி மேலே போய், இவ்வளவு பணத்தை உள்நாட்டுத் திறந்த இதழ்களில் போட்டிருக்கலாம் என்கிறார்கள். ஆதரிப்பவர்களோ, “இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவருக்கு இன்றைக்கே கட்டுரை வேண்டும், நல்ல இதழ்கள் வளரும்வரை அவர் காத்திருக்க முடியாது” என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சந்தா கட்டுவதென்று முடிவான பிறகு, கட்டும் பணத்துக்கு நல்ல ஷரத்து வாங்குவதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

யார் கேட்பது?

திட்டம் எவ்வளவு பயன்படுகிறது என்பதை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அவ்வப்போது ஆய்வு செய்யும் என்று அரசு சொல்லியிருக்கிறது. இங்கே ஒரு ஆபத்து உண்டு. மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் டவுன்லோட் எண்ணிக்கை குறைவாக இருந்தால், “அங்கே தேவையில்லை” என்று அதைப் படித்துவிடலாம். லாக்-இன் கொடுக்கப்படவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை, சிக்னல் கிடைக்கவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். பயன்படுத்தினால்தான் கேட்க முடியும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள்: நூலகரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் நிறுவனம் ஒரே சந்தாவில் பதிவாகியிருக்கிறதா? எனக்கு லாக்-இன் ஐடி உண்டா? வீட்டிலிருந்து திறக்குமா?
* கல்லூரி திட்டத்துக்கு வெளியே இருந்தால்: கல்லூரிகளுக்கான ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அதையும் இன்ஃப்ளிப்நெட்தான் நடத்துகிறது.
* யாராக இருந்தாலும்: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’வில் இலவசம். பாரம்பரிய அறிவு, மூலிகை, பழங்குடி விவசாயம் பற்றிய பல ஆய்வுகள் வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரெடிஷனல் நாலெட்ஜ்’ இதழையும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.
* கட்டுரை பூட்டியிருந்தால்: தலைப்பைத் தேடிப் பாருங்கள், ஆய்வாளர் வைத்த இலவசப் பிரதி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் அவருக்கே மெயில் போடுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கொல்லிமலைச் சிறுதானியச் சந்தை பற்றி அதே ஆய்வுக் குழு முன்னதாக எழுதிய அறிக்கை ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதாவது, ஆய்வாளர்களும் அவர்களுடைய நிறுவனமும் நினைத்தால் கதவைத் திறந்து வைக்க முடியும். அது ஒரு சிலரின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்கிறார்கள் நூலகர்கள்.

சாமை விதையை அடுத்த வீட்டுக்கு அளந்து கொடுத்து, அறுவடைக்குப் பிறகு திருப்பி வாங்கும் பழக்கம் உள்ள மலை அது. அந்த விதையைப் பற்றிய ஆராய்ச்சியை அந்த மலைப்பிள்ளை படிக்க முடிகிறதா என்பதை வைத்து 2027-ன் ஒப்பந்தத்தை மதிப்பிடலாம். 13,000 இதழ் 15,000 ஆனதா என்பது அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய கணக்கு.